பாரபட்சம் உடம்பையும் வாட்டுமா? மலையக மாணவி ஒருவரின் கேள்விக்கு உளநல மருத்துவரின் பதில்

கேள்வி:

எனக்கு 22 வயது. அட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டம். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். முதல் வருடம் விடுதிப் படிவத்தில் என் முகவரியைப் பார்த்த எழுதுவினைஞர், "லயத்துக்கு நம்பர் இல்லையா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் "கண்டி" என்று சொல்லிவிடுகிறேன். பிரக்டிகலுக்குக் குழு பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுவது நான்தான். சிங்களப் பிள்ளைகள் என்னோடு பேசுவது குறைவு. அதைவிட வலிப்பது, மற்ற மாவட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் என் பேச்சைப் பேசிக்காட்டுவதும், கன்டீன் வாசலில் "தோட்டக்காடு வருது" என்பதும். ஒரு விரிவுரையாளர், "கோட்டாவில் வந்தவர்கள் பின்தங்கத்தான் செய்வீர்கள்" என்றார்.

இப்போது காலையில் சாப்பிடப் போவதில்லை, பிளேன்டியிலேயே பகல் ஓடுகிறது. இரவு இரண்டு மணி வரை தூக்கமில்லை. அறைத்தோழி கொடுத்த பிரிட்டோன் போட்டுக்கொள்கிறேன். நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, தலை சுற்றுகிறது. இந்த செமஸ்டரில் வரவு 80 சதவீதத்துக்குக் கீழே போய்விடும் போலிருக்கிறது. சில இரவுகளில் விடியாமலே இருந்தால் நல்லது என்றும் தோன்றும். அம்மா, "பொறுத்துப் போ, படிப்புதான் முக்கியம்" என்கிறார். இதெல்லாம் என் மனப்பிரமையா? யாரோ ஏதோ சொல்வதற்கு உடம்பு இப்படிக் கெடுமா? முறைப்பாடு செய்தால் இன்னும் மோசமாகுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். "விடியாமலே இருந்தால் நல்லது" என்ற நினைப்பு களைத்துப்போன மனதில் வரக்கூடியதுதான். ஆனால் அது அடிக்கடி வருகிறதா, எப்படி, எங்கே என்று யோசிக்கும் அளவுக்குப் போகிறதா என்பதை நீங்கள்தான் உங்களிடம் நேர்மையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த அளவுக்குப் போனால் இந்தப் பதிலின் மீதியை அப்புறம் படிக்கலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். 1333 கட்டணமில்லாத இலக்கம். உடனடி ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ். அறையில் பெனடோலோ பிரிட்டோனோ அட்டை அட்டையாகச் சேர்த்து வைக்க வேண்டாம், அறைத்தோழியிடம் கொடுத்து வையுங்கள். காரணம் சொல்லத் தயக்கமாக இருந்தால், "என் கையில் இருந்தால் கூடுதலாகப் போட்டுவிடுகிறேன்" என்றால் போதும், அது உண்மையும்கூட.

இனி கேள்விக்கு வருகிறேன். மனப்பிரமை அல்ல.

அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் வில்லியம்ஸும் அவரது குழுவினரும் 1997இல் வெளியிட்ட அன்றாடப் பாரபட்ச அளவுகோல் ஒன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. 9 கேள்விகள். மற்றவர்களைவிட உங்களுக்கு மரியாதை குறைகிறதா, கடையில் கவனிப்பு குறைகிறதா, புத்தி குறைந்தவர் போல நடத்துகிறார்களா, தாங்கள் உங்களைவிட மேல் என்று காட்டிக்கொள்கிறார்களா, பெயர் சொல்லி இழிவாகக் கூப்பிடுகிறார்களா என்று போகும். உங்கள் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்தால் பாதிக் கேள்விக்கு நீங்கள் ஏற்கெனவே பதில் எழுதிவிட்டீர்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்தான். அதனால்தான் அந்த அளவுகோல் "எவ்வளவு பெரியது" என்று கேட்காமல் "எத்தனை தடவை" என்று கேட்கிறது.

2009இல் 134 ஆய்வு மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்த பகுப்பாய்வு ஒன்று மூன்று விஷயங்களைக் காட்டியது. பாரபட்சத்தை அதிகம் அனுபவிப்பவர்களின் உளநலமும் உடல்நலமும் குறைகின்றன, உடம்பின் அழுத்த எதிர்வினை கூடுகிறது, கெட்ட பழக்கங்கள் கூடி நல்ல பழக்கங்கள் குறைகின்றன. 2015இல் 293 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு பகுப்பாய்வில், உடல்நலத்தைவிட உளநலத்தோடுதான் தொடர்பு வலுவாக இருந்தது. இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தவை. பலவும் ஒரே சமயத்தில் வினாத்தாள் கொடுத்துக் கேட்டவை. மனம் சோர்ந்தவருக்கு எல்லாமே அவமதிப்பாகத் தெரியலாமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஒரே ஆட்களைக் காலப்போக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளும், ஆய்வுகூடப் பரிசோதனைகளும் அதே பக்கம்தான் கை காட்டுகின்றன. ஆகவே உங்கள் அறிகுறிகள் முழுவதும் பாரபட்சத்தால் வந்தவை என்று நான் சொல்லமாட்டேன், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் ஏற்கவும் மாட்டேன்.

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபத்து என்று மூளை முடிவெடுத்ததும் அட்ரினலின் சுரக்கும், சற்றுப் பின்னால் கோர்ட்டிசோல். துடிப்பு கூடும், தசை இறுகும், வயிறு வேலையை நிறுத்தும். சில நிமிடங்களுக்காக அமைந்த ஏற்பாடு இது. உங்கள் விஷயத்தில் அந்தச் சொல் விழுகிற நேரம் பத்து விநாடி. விழுமோ என்று காத்திருக்கிற நேரம் விடுதியிலிருந்து கன்டீன் வரை, கன்டீனிலிருந்து லெப் வரை, பிறகு இரவில் படுக்கையிலும். கொழுந்து மடுவத்து இரவுக் காவல்காரர் விடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் நிற்பதைப் போல உங்கள் உடம்பு நிற்கிறது. கோர்ட்டிசோல் காலையில் உச்சமாகி நள்ளிரவை ஒட்டி அடங்க வேண்டும், அப்போதுதான் தூக்கம் பிடிக்கும். அன்றைய பேச்சை மனம் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த அடங்கல் தள்ளிப்போகிறது. நேரடியாகத் திட்டியதைவிட, "என்னைக் குழுவில் சேர்க்காதது தற்செயலா, வேண்டுமென்றா?" என்ற தெளிவில்லாத சம்பவங்கள்தான் இரவில் அதிகம் ஓடும். விடை இல்லாத கணக்கை மனம் விடாது.

இதுவரை சொன்னது ஒரு வழி. இரண்டாவது வழியை, அதாவது பழக்கவழக்கத்தின் வழியை, உங்கள் கடிதத்தில் அச்சடித்தது போலப் பார்க்கிறேன். சிகிச்சைக்குச் சுலபமாகப் பிடி கிடைப்பதும் அங்கேதான்.

இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டு, அடுத்து மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் இடையில் 18 மணி நேரம். அதற்குள் நான்கைந்து பிளேன்டி. ஒரு கோப்பைத் தேநீரில் ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன், சாயம் கடுமையாக இருந்தால் இன்னும் கூடும். வெறும் வயிற்றில் கஃபீனும் சீனியும் போய், தூக்கமும் நான்கு மணி நேரம்தான் என்றால், யாரும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தலை சுற்றும். பிறகு கன்டீன் பக்கம் போகும்போது அந்தப் படபடப்பை நீங்கள் பயம் என்று வாசிக்கிறீர்கள். அதனால் போவதில்லை. போகாததால் சாப்பாடில்லை. இந்த வட்டத்தைத் தொடங்கி வைத்தது அவர்கள்தான். அதை இன்று சுற்றிவிட்டுக்கொண்டிருப்பது பசியும் சாயமும்.

பிரிட்டோன் தூக்க மாத்திரை அல்ல, தும்மலுக்கும் அரிப்புக்கும் கொடுப்பது. உறக்கம் வருவது அதன் பக்கவிளைவு. அந்த விளைவு சில நாட்களிலேயே மங்கிவிடும், ஆகவே ஒன்று இரண்டாகும். மருந்து உடம்பை விட்டுப் பாதியளவு குறையவே ஏறக்குறைய 20 மணி நேரம் எடுக்கும் என்பதால், இரவு போட்டது காலை விரிவுரையில் கண்ணைச் சொருக வைக்கும். "பின்தங்குகிறேன்" என்று உங்களுக்குத் தோன்றுவதில் இந்த மாத்திரைக்கும் பங்கு உண்டு. ஓரிரு மாத்திரைதான் போடுகிறீர்கள் என்றால் நிறுத்துவதில் ஆபத்தில்லை. இரண்டு மூன்று இரவு தூக்கம் இன்னும் கெடும், அதைப் பார்த்துப் பயந்து மறுபடி தொடங்கிவிடாதீர்கள். ஆண் பிள்ளைகளாக இருந்தால் இந்த இடத்தில் சிகரெட்டும் பாபுலும் சாராயமும் வந்து நிற்கும், வேலை ஒன்றுதான்.

இன்னொன்றையும் தள்ளிவிட முடியாது. களைப்பு, படபடப்பு, தலைச்சுற்று என்று 22 வயதுப் பெண் ஒருவர் சொன்னால், அவர் எந்த ஊராக இருந்தாலும் முதலில் இரத்தச்சோகையைப் பார்ப்போம். தோட்டத்துப் பெண்களிடம் அது பரவலாக இருப்பதால் இன்னும் கட்டாயம். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் இரத்தச்சோகை. 12க்கு மேலே இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம், அதற்கு ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். கூடவே தைரோயிட்டுக்கு ஒரு டெஸ்ட். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கும் நம் பழக்கம் இரும்பு உடம்பில் சேர்வதை வெகுவாகக் குறைக்கும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் கொய்யாவோ தேசிக்காய்த் தண்ணியோ சேர்த்து எடுங்கள், தேநீரோடு வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. டெஸ்ட் பார்க்காமல் நீங்களாக இரும்பு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்துக்குப் போகும்போது "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னால் கேஸ்ட்ரிக் மாத்திரையோடு திரும்பி வருவீர்கள், வரிசை நீளம், டொக்டருக்கு நேரமில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொண்டுபோங்கள்: எத்தனை கிழமையாகப் படபடப்பு, எத்தனை மணி நேரத் தூக்கம், என்ன மாத்திரை எத்தனை, மாதவிடாய் அதிகமா, எடை குறைந்ததா, சாகலாம் என்ற நினைப்பு உண்டா. அதை நீட்டுங்கள். வாயால் சொல்ல வராதது கடதாசியில் வரும், மொழிச் சிக்கலும் பாதி தீரும். மனச்சோர்வை அளக்கும் 9 கேள்வி வினாத்தாள் ஒன்று இருக்கிறது, கடந்த இரண்டு கிழமையைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 27 புள்ளி. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் உளநல கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பேராதனை, கண்டி, நுவரெலியா, பதுளை அரச வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் உளநலப் பிரிவு உண்டு, பணம் கட்டத் தேவையில்லை.

தூக்கத்துக்கு என் மருந்துச்சீட்டு சாதாரணமானது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஆறுக்கு எழுந்துவிடுங்கள், சனி ஞாயிறும்தான். பகல் இரண்டு மணிக்குப் பிறகு தேநீர் வேண்டாம். படுத்து இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து விடுதியின் படிப்பறையில் போய் உட்காருங்கள், கண் சொருகினால் மட்டும் திரும்புங்கள். போன் மேசையில் இருக்கட்டும். மூச்சை நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே, ஐந்து நிமிடம். வெளியே விடுவது நீளமாக இருப்பதுதான் இதில் முக்கியம். முதல் கிழமை களைப்பு கூடும், இரண்டாவது கிழமையில்தான் பலன் தெரியும். பலர் நான்காம் நாளே விட்டுவிடுவார்கள்.

கன்டீன் விஷயம் கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டியது. நாளைக்கே போய் நடு மேசையில் உட்காருங்கள் என்று சொல்லமாட்டேன். முதல் கிழமை காலைச் சாப்பாட்டுக்கும் கன்டீனுக்கும் உள்ள முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். முதல் நாள் இரவே வாங்கிய பணிஸ், இரண்டு வாழைப்பழம், அவித்த கடலை ஒரு கோப்பை, எது முடியுமோ அது, எட்டு மணிக்கு முன் அறையிலேயே. வயிறு நிறைந்தால் படபடப்பில் ஒரு பங்கு தானாகவே போவதைப் பார்ப்பீர்கள். இரண்டாவது கிழமை அறைத்தோழியோடு, கூட்டமில்லாத ஏழேகாலுக்குப் போய்ப் பார்சல் மட்டும் வாங்கி வாருங்கள். அடுத்து அங்கேயே உட்கார்ந்து ஒரு தேநீர், பத்து நிமிடம். பிறகு கூட்ட நேரத்தில் தோழியோடு. கடைசியாகத் தனியாக. ஒவ்வொரு படியிலும் படபடப்பு ஏறி உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். உச்சியில் எழுந்து ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தேன் என்று மூளை படித்துக்கொள்ளும். இறங்கும் வரை இருந்துவிட்டு எழுங்கள். ஒரு எச்சரிக்கை: இது சங்கடத்தைப் பழக்குவதற்கான வழி. மிரட்டுகிறவர்கள், குடித்திருப்பவர்கள், இரவில் கூட்டமாக நிற்பவர்கள் இருக்கும் இடத்துக்கு இதைப் பிரயோகிக்க வேண்டாம். அங்கே விலகுவது புத்திசாலித்தனம்.

வாசலில் அந்தச் சொல் விழுந்தால் என்ன செய்வது? பகலில், ஆட்கள் இருக்கும் இடத்தில் என்றால் நின்று, குரலை உயர்த்தாமல், "என்ன சொன்னீங்க? கேக்கல, திரும்பச் சொல்லுங்க" என்று கேளுங்கள். கூட்டத்துக்குள் ஒளிந்து வீசும் சொல்லைத் தனியாளாக முகம் பார்த்துத் திரும்பச் சொல்லப் பலருக்கும் வாய் வராது. சொன்னால் நீங்கள் பதில் வாதம் செய்ய வேண்டியதில்லை, பெயரும் நேரமும் கிடைத்துவிட்டது. எப்போதும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமையும் கிடையாது. பேசாமல் போன நாளைக் கோழைத்தனம் என்று இரவில் கணக்கு வைக்காதீர்கள்.

தமிழ்ப் பிள்ளைகள் சொல்வது ஏன் கூடுதலாக வலிக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. வெளியில் அடி விழும்போது ஒதுங்க ஒரு கூட்டம் இருந்தால் அந்த அடி உடம்பில் குறைவாகவே இறங்கும். நீங்கள் ஒதுங்கப் போன இடமே கதவைச் சாத்தியது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நீண்ட கணக்கும் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் பிரஜாவுரிமை இழந்தார்கள், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அது இழுபட்டது. முகவரியைப் பார்த்து ஒருவர் சிரிக்கும்போது, "நீ இந்த ஊர்க்காரியா?" என்று உங்கள் பாட்டியிடம் கேட்ட அதே கேள்வி உங்கள் காதில் விழுகிறது. அளவுக்கு மீறி உணர்கிறோமோ என்று நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

இதில் என் கருத்து ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். உங்களை அதிகம் தின்பது அவர்களுடைய சொல்லைவிட "கண்டி" என்ற உங்கள் பதில்தான். "கண்டியில எங்க?" என்று அடுத்த கேள்வி வரும். எந்தப் பாடசாலை, எந்த பஸ், லீவுக்கு ஏன் நான்கு மணி நேரம் போகிறது, அம்மா என்ன வேலை? ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே பதில் தயாரித்து, யாரிடம் எதைச் சொன்னோம் என்று நினைவில் வைத்து, பேச்சு ஊர்ப்பக்கம் திரும்பும்போதெல்லாம் உஷாராகி, விரிவுரைக்கு வேண்டிய கவனம் இங்கே செலவாகிறது. ஒளித்து வைத்துப் பழகியவர்களின் நட்பும் பாதியிலேயே நின்றுவிடும், "உண்மை தெரிந்தால்?" என்ற பயம் நடுவில் இருக்கும். எல்லோருக்கும் பறைசாற்றச் சொல்லவில்லை. ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், பிரிட்டோன் கொடுத்த அறைத்தோழி அன்பாகத்தான் கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது. "நான் கண்டி இல்ல, அட்டன் பக்கம் ஒரு தோட்டம். லயத்து வீடு." அவ்வளவுதான். மன்னிப்பும் விளக்கமும் சேர்க்க வேண்டாம். ஒருவரிடம் சொல்லி ஒன்றும் இடிந்து விழாவிட்டால் இரண்டாவது ஆள். உங்களுக்குத் தீங்கு செய்யக்கூடியவரிடம் சொல்ல வேண்டிய கடமை எந்நாளும் இல்லை.

பிரக்டிகல் குழுவுக்கு மனோதத்துவம் தேவையில்லை, நிர்வாகம் போதும். "விருப்பப்படி சேருங்கள்" என்று விட்டால் எங்கேயும் யாரோ ஒருவர் மிஞ்சுவார், மிஞ்சுவது பெரும்பாலும் சிறுபான்மைப் பிள்ளை. குழுக்களைப் பதிவு இலக்க வரிசையில் பிரிக்கும்படி பாடத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், அல்லது பெட்ச் ரெப் மூலம் கேளுங்கள். யார் மீதும் குற்றச்சாட்டு இல்லாமல், "எல்லோருக்கும் சமமாக இருக்கும்" என்ற ஒரே காரணத்தோடு. மொழி கலந்த குழுவில் ஒரு செமஸ்டர் சேர்ந்து அறிக்கை எழுதினால், "பேசுவது குறைவு" என்பதில் எவ்வளவு வெறுப்பு, எவ்வளவு வெறும் மொழிக்கூச்சம் என்பதும் தெரிந்துவிடும்.

கோட்டா என்று சொன்ன விரிவுரையாளருக்கு வருகிறேன். நம் நாட்டில் விஞ்ஞானப் பிரிவு அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்த 55 சதவீதத்தில் கொழும்பு மாவட்டத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். நுவரெலியா வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு உரியது, இனத்துக்கு அல்ல. அதே புள்ளியில் அதே மாவட்டத்துச் சிங்கள, முஸ்லிம் பிள்ளைகளும் உள்ளே வருகிறார்கள். "கோட்டா" என்ற சொல் உங்கள் முகத்தைப் பார்த்து மட்டும் வந்ததென்றால் அதற்குப் பெயர் பாரபட்சம்தான். அதோடு, உங்கள் கூட்டத்தாருக்குப் படிப்பு வராது என்று நினைவூட்டிவிட்டுப் பரீட்சை வைத்தால் புள்ளி குறையும் என்று 1995இல் வெளிவந்த பிரபலமான பரிசோதனை காட்டியது. பிந்திய மீள்பரிசோதனைகளில் அந்த விளைவு முதலில் சொன்ன அளவுக்குப் பெரிதாக வரவில்லை. ஆகவே அவர் சொல்லிவிட்டார் என்பதால் உங்கள் புள்ளி குறைந்தே தீரும் என்று நினைக்க வேண்டாம். வரவு குறைவதுதான் உண்மையான ஆபத்து. சுகாதார நிலையத்துக்குப் போகும்போதே மருத்துவச் சான்றிதழ் பற்றிக் கேளுங்கள், எத்தனை நாளுக்குள் பீட அலுவலகத்தில் சேர்க்க வேண்டும் என்று உங்கள் பீடக் கையேட்டில் இருக்கும். அந்த நாள் தாண்டினால் எவ்வளவு உண்மையான நோயும் செல்லாது.

முறைப்பாடு செய்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் பதிவு வைப்பதை இன்றே தொடங்குங்கள். ஒரு கொப்பியில் திகதி, நேரம், இடம், சொன்ன சொல் அப்படியே எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியில், யார் யார் அங்கே இருந்தார்கள். "என்னை அவமதித்தார்" என்று எழுதினால் விசாரணையில் ஒன்றும் நிற்காது, சொன்ன சொல் வேண்டும். வட்ஸ்அப் என்றால் பெயரும் திகதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறு இடத்துக்கு அனுப்பி வையுங்கள், அனுப்பியவர் பிறகு அழித்துவிடுவார். எழுத மாலையில் பத்து நிமிடம் போதும், மேசையில் இருந்து. படுக்கையில் வைத்து எழுதினால் பதிவு புலம்பலாகி இரவை விழுங்கும்.

செய்வதென்று முடிவெடுத்தால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வர வேண்டாம், அது காற்றோடு போகும். எழுத்தில், இரண்டு பிரதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் திகதியும் வாங்குங்கள். தமிழிலேயே எழுதலாம். அரச நிறுவனங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் மொழி அத்தியாயத்தில் இருக்கிறது. மாணவர்கள் செய்ததென்றால் மாணவர் ஆலோசகர், விடுதிக்குள் என்றால் வார்டன், அங்கே நகராவிட்டால் பீடாதிபதி. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் உடற்காயத்தை மட்டும் சொல்லவில்லை, மனவேதனையும் பயமும் உண்டாக்கும் செயலும் அதில் அடக்கம். இரண்டு வருடம் வரை சிறை. 1997இல் பேராதனையில் பொறியியல் பீடத் தமிழ் மாணவர் ஒருவர், பகிடிவதையில் கடும் உடற்பயிற்சி செய்ய வைக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார், அதற்கு அடுத்த வருடம் வந்த சட்டம் இது. (உங்கள் இளையவர்களில் யாருக்காவது அப்படி நடந்து, தசை வீங்கி வலித்து, சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனால் விடியும் வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நசிந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது.)

எழுதுவினைஞர், விரிவுரையாளர் போன்றோர் செய்ததென்றால் பாதை வேறு. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் என்பவற்றால் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. நிர்வாகச் செயலுக்கு எதிராக உயர் நீதிமன்றம் போக 126ஆம் உறுப்புரை தரும் அவகாசம் ஒரே ஒரு மாதம். முதல் வருடப் படிவக் கதைக்கு அந்தக் காலம் போய்விட்டது. இனி நடப்பதற்கு, அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் ஆணைக்குழுவுக்குப் பிராந்திய அலுவலகம் உண்டு, தொலைபேசி 1996. சக மாணவர்கள் மீது இந்த வழி ஓடாது.

"இன்னும் மோசமாகுமா?" என்றால், சில கிழமைக்கு ஆகலாம், பேச்சை வெட்டுவார்கள். தனியாகப் போனவர்களுக்குத்தான் அது அதிகம். அதனால் சாட்சி சொல்லச் சம்மதிக்கும் இன்னொருவரோடு போங்கள், உடம்பு ஓரளவு தேறிய பிறகு போங்கள். நான்கு மணி நேரத் தூக்கத்தில் விசாரணைக் குழு முன் உட்கார்ந்தால் சரியான திகதிகூட வாயில் வராது.

அம்மாவிடம் முழுக்கதையையும் சொல்ல வேண்டியதில்லை. "தூக்கம் சரியில்லம்மா, டொக்டர்கிட்ட காட்டப் போறேன்" என்றால் போதும். பொறுத்துப் போ என்பது அவருடைய தலைமுறைக்குக் கைகொடுத்த வழி. நீங்கள் அதை மறுத்துப் பேசத் தேவையில்லை, இந்த விஷயத்தில் அதைப் பின்பற்றவும் தேவையில்லை. இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்ததும், இரண்டு கிழமைத் தூக்க நேரத்தையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைரோயிட் மூன்று இலக்கமும் வேண்டும்.